கடைசிக் குடித்தனக்காரர்

சரியாக ஐந்தரை மணிக்கு அந்த ஊரே வேனில் ஏறிப் புறப்பட்டது.

ராகி அரைக்கிற ராகிக்கல்லைச் சுற்றிக்கொண்டிருந்த பெண்மணி முதலில் எழுந்தாள். பின்கொசுவச் சேலையை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள்; உள்ளே சுடிதார் இருந்தது. கொல்லன் தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டுக் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டான். பானை செய்கிறவர் கை கழுவிவிட்டுக் காதில் இயர்போனைச் செருகினார். கூடை முடைந்தவர்கள், வாசலில் கோலம் போட்டவள், மாட்டு வண்டிக்காரர் என்று மொத்தம் எட்டுப் பேர். வேன் கதவு கரகரவென்று இழுபட்டுச் சாத்திக்கொண்டது. செம்மண் புழுதி கொஞ்ச நேரம் தெருவில் நின்றது. பிறகு அதுவும் அடங்கிவிட்டது.

"பாத்துக்கோ மணி," என்றாள் லீலா. "இருபத்தொன்பது வருஷம் கண்டக்டரா இருந்தேன். ஊருக்கு பஸ் போகும், பாத்திருக்கேன். ஊரே வண்டி ஏறிப் போறதை இன்னிக்குத்தான் பாக்கறேன். டிக்கெட் யாரு கிழிக்கறது?"

ஜோதிமணி சிரிக்கவில்லை. காலியான தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜோதிமணிக்கு நாற்பத்தெட்டு வயது. இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடிக்கும் வேலை பார்த்தவள். அதை விட்டுவிட்டு மைசூர் மண்டி மொஹல்லாவில் சாக்குக் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்து ஆறு வருஷமாகிறது. லீலாவுக்கு அறுபத்தொன்று. காணாமல் போன தன் பூனையைத் தேடித் தரச் சொல்லி அந்த மாடிப்படி ஏறியவள், பூனை கிடைத்த பிறகும் இறங்கவில்லை. சம்பளம் என்று எதுவும் பேசவில்லை. உதவியாளர் என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

"இவங்க எல்லாரும் ஹனூர் பக்கத்து ஆளுங்க மேடம். ஒன்பது மணிக்கு வருவாங்க, அஞ்சரைக்குப் போயிடுவாங்க," என்றாள் பக்கத்தில் நின்ற மோகனப்ரியா. முப்பது வயது, திருப்பூர்க்காரி. சுற்றுலாக்காரர்கள் வந்து தங்கிப் போகும் 'மண்கூரை' என்ற இந்தப் பாரம்பரிய கிராமத் தங்கலின் மேலாளர். "நிஜமா இந்த ஊர்ல பொறந்தவர்னா சென்னிமலை ஐயா ஒருத்தர்தான். அவரைத்தான் செவ்வாய்க்கிழமையிலிருந்து காணோம்."

தொட்டிக்காடு என்று பெயர். மைசூரிலிருந்து மூன்று மணி நேரம். கௌதள்ளியைத் தாண்டிப் பன்னிரண்டு கிலோமீட்டரில், காடு தொடங்குகிற இடத்தில் ஒரே தெரு, ஒன்பது ஓட்டு வீடுகள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் மண்கூரை கம்பெனி இரண்டு வீடுகளை வாடகைக்கு எடுத்தது. பிறகு ஐந்து வீடுகள். மேட்டுத் தொட்டித் தண்ணீர் விருந்தாளிகளின் குளியலறைக்குத் திரும்பியது. மளிகைக் கடை இருந்த இடத்தில் காபிக் கடை வந்தது. அங்கே நாலு தினுசுக் காபி கிடைத்தது, உப்பு கிடைக்கவில்லை. பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்ததும் பள்ளிக்கூடம் மூடப்பட்டது. யாரும் யாரையும் துரத்தவில்லை. ஒவ்வொரு குடும்பமாகப் பாத்திர பண்டங்களைக் கட்டிக்கொண்டு போனது, அவ்வளவுதான். ஆறாவது வீட்டுச் சென்னிமலை மட்டும் மிஞ்சினார். அறுபத்துமூன்று வயது. மனைவி தவறி வெகுநாளாயிற்று. பிள்ளைகள் இல்லை.

"போலீஸ்ல சொன்னீங்களா?" என்று கேட்டாள் ஜோதிமணி.

"சொன்னேன். பெரிய மனுஷன், பையை எடுத்துட்டுப் போயிருக்கார், தானா வருவார்னுட்டாங்க. ஆனா ஞாயித்துக்கிழமைக்குள்ள வரணுமே மேடம்!"

"ஞாயித்துக்கிழமை என்ன?"

"கமிட்டி வருது. 'வாழும் கிராமம்'னு ஒரு அங்கீகாரம். விதி ஒண்ணே ஒண்ணுதான். அந்த ஊர்ல பொறந்த ஒரு குடும்பமாவது அங்கேயே குடியிருக்கணும். அங்கீகாரம் கிடைக்கலைன்னா கம்பெனி இந்த இடத்தை மூடிடும். வேன்ல போன எட்டுப் பேருக்கும் வேலை போயிடும். எனக்கும்தான்."

"வாழும் கிராமத்துல வாழறதே ஒருத்தர். அவரும் எஸ்கேப்," என்றாள் லீலா.

மோகனப்ரியா குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு ஒருத்தர் மேல சந்தேகம். மலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு தங்கல் இருக்கு. தீபக்னு ஒரு ஆள் நடத்தறார். அவரும் இதே அங்கீகாரத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கார். போன மாசம் இங்க வந்து ஐயாகிட்ட ரொம்ப நேரம் பேசிட்டிருந்தார்."

லீலா அதற்குள் நம்பரை வாங்கித் தன் போனில் போட்டாள். ஸ்பீக்கரை அழுத்தினாள். சுற்றுலாப் பயணியின் கொஞ்சலான கன்னடத்தில் விசாரித்தாள். அறை இருக்கிறதா, களி கிடைக்குமா, அப்புறம் முக்கியமாக, நிஜமான கிராமத்து ஆள் யாராவது அங்கே இருக்கிறாரா?

"இல்ல மேடம்," என்றது தீபக்கின் குரல், மிகவும் சங்கடத்துடன். "இப்போதைக்கு இல்ல. ஏற்பாடு பண்ணிட்டிருக்கோம். அடுத்த மாசம் வந்தீங்கன்னா ஒருத்தர் இருப்பார்."

லீலா போனை வைத்தாள். "அந்தக் கடையிலயும் சரக்கு இல்ல. கடத்தினவன் இப்படி அழமாட்டான் மணி."

ஜோதிமணி தலையாட்டினாள். "ஐயாவோட போட்டோ இருக்கா?"

இருந்தது. ஏராளமாக இருந்தது. வந்து தங்கினவர்கள் எடுத்து அனுப்பியவை, மோகனப்ரியாவின் டேப்லெட்டில் நானூறுக்கும் மேல். சென்னிமலை ஏர் பிடிக்கிறார். சென்னிமலை பல் குச்சி கடிக்கிறார். சென்னிமலை ஒரு பெங்களூர்ப் பெண்ணின் தோளுக்குப் பக்கத்தில், சென்னிமலை யாருடைய குழந்தையையோ தூக்கிக்கொண்டு. அலுவலக அறையின் பெஞ்சில் உட்கார்ந்து ஜோதிமணி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். இத்தனை பேர் ஒரு மனிதரைப் படம் பிடித்திருக்கிறார்கள். அவர் எங்கே போனார் என்று சொல்ல ஒருவரிடமும் ஒரு குறிப்புகூட இல்லை.

"இவர் ஏன் காமிராவைப் பாக்க மாட்டேங்கறார்?"

"வெட்கம் மேடம். கெஸ்ட்டுக்கெல்லாம் அதுதான் பிடிக்கும். நேச்சுரலா இருக்குன்னு சொல்வாங்க."

"ரெண்டு வருஷத்துக்கு முந்தின படத்தைப் பாருங்க. நேரா பாத்துப் பல்லைக் காட்டிச் சிரிக்கறார். அப்ப எங்க போச்சு வெட்கம்? போன தீபாவளிக்கு அப்புறம் எடுத்த படம் எல்லாத்துலயும் முகத்தை வலது பக்கமாத் திருப்பியிருக்கார். வெட்கப்படறவங்க தலையைக் குனிவாங்க, சிலசமயம் வாயை மூடிப்பாங்க, ஒவ்வொரு தடவை ஒவ்வொரு மாதிரி இருக்கும். இவர் நூறு படத்துலயும் ஒரே அளவுக்குத் திரும்பியிருக்கார்." ஜோதிமணி எழுந்தாள். "வாங்க, வீட்டைப் பாக்கலாம்."

ஆறாவது வீடு பூட்டியிருந்தது. வாசல் நிலையில் ஒரு கயிறு கட்டியிருந்தது. அது தண்ணீர்க் குழாய்க் கம்பத்துக்குப் போய், அங்கிருந்து வீட்டைச் சுற்றிக் கொல்லைக் கழிப்பறைவரை ஓடியது.

"அது துணி காயப்போடற கொடி," என்றாள் மோகனப்ரியா. "பழைய முறைன்னு எங்க புத்தகத்துலகூடப் படம் போட்டிருக்கோம். பாக்க நல்லா இருக்குன்னு மத்த வீட்டுக்கும் கட்டச் சொன்னேன்."

லீலா கயிற்றின் பக்கத்தில் போய் நின்றாள். அது அவள் இடுப்புக்குச் சரியாக இருந்தது. "இந்த உயரத்துல சேலையைப் போட்டா அது காயாது. வாசல் பெருக்கும்."

ஜோதிமணி கயிற்றின் மேல் கையை ஓட்டினாள். நார் நாராக இருக்க வேண்டிய தேங்காய்க் கயிறு, உள்ளங்கை பட்டுப் பட்டு வழவழவென்று ஆகியிருந்தது. குழாயடிக்கு ஓர் அடி முன்னால் ஒரு முடிச்சு. கொல்லைப் படிக்கு முன்னால் இரண்டு முடிச்சு. கழிப்பறை வாசலில் மூன்று.

"இது கொடி இல்ல," என்றாள். "கைப்பிடி. அவருக்கு நடுப்பார்வை போயிடுச்சு. நேரா பாத்தா எதிர்ல நிக்கற ஆள் தெரியாது. முகத்தைத் திருப்பினா ஓரத்துல ஏதோ நிழலாடும். அதான் அந்தத் திருப்பல். வெட்கமுமில்ல, ஒண்ணுமில்ல."

மோகனப்ரியா படியில் உட்கார்ந்துவிட்டாள். "தினம் பேசியிருக்கேனே மேடம்..."

"என்ன பேசினீங்க?"

"'ஐயா, நாளைக்குப் பதினஞ்சு பேர் வர்றாங்க'ன்னு. 'ஐயா, நாளைக்கு எட்டுப் பேர்'னு."

அப்போது மணி ஆறு. ஒன்பது வீட்டு முகப்பிலும் மஞ்சள் விளக்குகள் ஒரே நொடியில் எரிந்தன. அன்றைக்கு விருந்தாளிகள் இல்லாததால் உள்ளே ஒரு ஆளும் இல்லை. டைமர் வைத்த விளக்குகள். சட்டி உருளும் சத்தமோ, குழந்தையை அதட்டும் சத்தமோ, டிவி சத்தமோ எதுவும் இல்லாமல் அந்தத் தெரு கல்யாண வீடு மாதிரி பளிச்சென்று நின்றது. மைசூர் விஜயநகரில் ஜோதிமணி வீட்டிலும் ஆறு மணிக்கு மேல் இப்படித்தான். கணவர் தவறி நாலு வருஷம். எதிர் ஃபிளாட்டில் இருப்பவர்களின் பெயர்கூடத் தெரியாது. இரண்டு அறையிலும் விளக்கைப் போட்டுவிட்டு ஒரே அறையில் உட்கார்ந்திருப்பாள்.

"கண்ணு தெரியாதவர் எப்படிப் போனார்? அதைச் சொல்லு," என்று லீலா அவளை உலுக்கினாள். "கெஸ்ட் கார்ல ஏறினா இந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும். அப்ப பஸ்தான். கௌதள்ளி ரோட்டுல காலைல மைசூருக்கு ஒரே ஒரு வண்டி. அதுல கண்டக்டர் யாருன்னு நினைக்கறே? என்கிட்ட விசில் ஊதக் கத்துக்கிட்ட கெம்பையன்!"

கெம்பையன் போனை எடுத்ததும் லீலா நாலு வார்த்தை திட்டினாள். அது அவர்களுடைய நலம் விசாரிப்பு போலிருக்கிறது. பிறகு கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தில் கேலி மெல்ல மெல்லக் குறைந்தது.

"செவ்வாய்க்கிழமை ஏறியிருக்கார்," என்று போனை வைத்துவிட்டுச் சொன்னாள். "ரோட்டோரக் கல்வேலியைத் தடவிக்கிட்டே வந்து நின்னாராம். மண்டி மொஹல்லாவுக்குப் பக்கத்துல எங்க நிக்குமோ அங்க எறக்கி விடுன்னு கேட்டிருக்கார். அங்க ஒரு பொம்பளை பூக்கூடையோட நின்னிருக்கா. கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவான்னு கெம்பையன் பாத்தா, அவ பிடிக்கல. முன்னாடி கையைத் தட்டிக்கிட்டே நடந்தாளாம். இவர் அந்தச் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டே பின்னாடி. 'வடிவு, மெதுவாப் போ'ன்னு ஒரு தடவை சொன்னாராம்."

ஜோதிமணி பக்கத்து வீட்டைப் பார்த்தாள். பழைய குடும்பங்களின் பெயரைப் பித்தளைத் தகட்டில் எழுதி ஒவ்வொரு கதவிலும் கம்பெனி பதித்திருந்தது. அந்த ஐந்தாவது வீட்டுத் தகட்டில், 'வடிவு வீடு'.

ஒன்பது தகட்டையும் ஒன்று விடாமல் போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

"மண்டி மொஹல்லா!" லீலா தலையில் அடித்துக்கொண்டாள். "நம்ம ஆபீஸ் மாடிப்படியில நின்னு தும்மினா கேக்கற தூரம். அதுக்கு மூணு மணி நேரம் கார் ஓட்டிக்கிட்டு வந்தோம். நாம துப்பறியறவங்கதானே? எதுக்கும் ஒரு தடவை போர்டைப் பாத்துடு."

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு மண்டி மொஹல்லாவின் சந்துகளில் ஸ்கூட்டர்களும் ஆட்டோக்களும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருந்தன. வடிவு சென்னிமலையைக் கண் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பாள் என்று ஜோதிமணி நினைத்தாள். ஆனால் ஆஸ்பத்திரிகளில் அந்தப் பெயரில் யாரும் இல்லை. அதனால் பூக்காரிகளைக் கேட்டார்கள். லீலா மூன்று பேரிடம் மூன்று முழம் மல்லிகை வாங்கித் தலையில் வைத்துக்கொண்ட பிறகு நாலாவது ஆள் கை காட்டினாள்.

வடிவுக்கு ஐம்பத்தைந்து இருக்கும். கறுத்த, கெட்டியான உடம்பு. தொடுத்துக்கொண்டிருந்த விரல்கள் நிற்கவில்லை.

"கம்பெனி ஆளுங்களா?"

பொய் சொல்ல லீலா வாயைத் திறந்தாள். ஜோதிமணி முந்திக்கொண்டாள். "ஆமாங்க. அவங்க அனுப்பித்தான் வந்தோம். ஆனா அவரை இழுத்துட்டுப் போக வரலை. நல்லா இருக்காரான்னு பாத்துட்டுப் போயிடறோம். எங்க இருக்கார்னு அவர் சொல்லாம யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்."

வடிவு அவளை மேலும் கீழும் பார்த்தாள். பூவின் மேல் ஈரத்துணியைப் போட்டு மூடினாள். "வாங்க."

பழைய ராகிக் கிடங்கு ஒன்றைத் தடுத்து அறைகளாக்கியிருந்தார்கள். ஒரு பக்கம் மதில் சுவர், மறுபக்கம் வரிசையாகக் கதவுகள். நடுவில் இரண்டு பேர் ஒதுங்கி நடக்கிற அளவுக்கு ஒரு சந்து. முதல் கதவுக்குள் யாரோ இருமிக்கொண்டிருந்தார்கள். அடுத்ததில் தையல் மிஷின் ஓடியது. மூன்றாவதில் ஒரு பெண் குரல் யாரையோ போனில் விரட்டிக்கொண்டிருந்தது.

ஜோதிமணி நின்றாள். அவளுக்கு என்னவோ தட்டியது. முதல் கதவுக்குள் எட்டிப் பார்த்தாள். ஒரு பெரியவர் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, உங்க பேரு?"

"மல்லப்பனுங்க."

போனை எடுத்தாள். முதல் வீட்டுத் தகடு, 'மல்லப்பன் வீடு'.

இரண்டாவது கதவு. தையல் மிஷினை நிறுத்திவிட்டு ஒரு பெண் நிமிர்ந்தாள். "மாதேவிங்க. பிளவுஸ் குடுக்கணுமா?"

இரண்டாவது தகடு, 'மாதேவி வீடு'.

மூன்றாவது, வள்ளியாத்தாள். நாலாவது, கணேசன். தகட்டைப் பார்க்கிற வேலையே இல்லாமல் போயிற்று. லீலா அவள் தோளுக்கு மேல் எட்டி ஒவ்வொரு படத்தையும் பார்த்தாள்.

"தெருவே இங்க இருக்கே..." என்றாள் ஜோதிமணி. "வரிசைகூட மாறாம."

"வரிசையா வந்து குடியேறலீங்க," என்றாள் வடிவு. "மொதல்ல நான் வந்தேன். அப்பறம் ஒவ்வொருத்தரா வந்தாங்க. எந்த ரூம்பு காலியோ அதுல பூந்துக்கிட்டோம். மல்லப்பன் எட்டாவதுல இருந்தாரு, நான் மொதல்ல இருந்தேன். போன மாசம் சென்னிமலை ஆரோ விருந்தாளி போனை வாங்கிப் பேசினாரு. 'கண்ணு நெம்ப மோசமாயிருச்சு வடிவு. தெருவுல நடந்தா இது எந்த வூடுன்னு தெரியமாட்டேங்குது. முந்தியெல்லாம் இருமல் கேட்டா மல்லப்பன், மிஷினு கேட்டா மாதேவி. இப்ப ஒம்பது வூட்லயும் ஒரே மாதிரி இருக்குது, சத்தமே இல்லை'ன்னாரு. மனுசனுக்கு அழுகை வந்துருச்சு. இங்க வந்துருங்கன்னேன். புது எடத்துல நான் எப்படி நடப்பேன்னு கேட்டாரு."

"அதுக்காக?"

"அதுக்காகத்தான். ஒரு ஞாயித்துக்கெழமை எல்லாரும் ஊர்ல இருந்த வரிசைப்படி கட்டிலு, அடுப்பு, பீரோ அல்லாத்தையும் தூக்கி மாத்திப் போட்டோம். ஆறாவது ரூம்பு ஒழுகும், அதனால காலியா கெடந்துச்சு. தார்ப்பாய் போட்டு விட்டோம்."

"யாருங்க அது," என்று ஆறாவது கதவிலிருந்து ஒரு குரல் வந்தது. "வடிவுகூட ரெண்டு பேரு. ஒருத்தரு செருப்பு புதுசு. இன்னொருத்தரு தலையில மூணு கடைப் பூவு."

"ஐயா, இந்த வேலைக்கு நீங்க எங்க ஆபீசுக்கு வந்துடுங்க," என்றாள் லீலா. "கண்ணிருக்கற நாங்க மூணு மணி நேரம் தப்பான ஊருக்குப் போயிட்டு வந்தோம்."

சென்னிமலை சிரித்தார். வாசற்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். படத்தில் பார்த்த அதே முகம். வலது பக்கமாகத் திரும்பியிருந்தது. ஆனால் இந்தச் சிரிப்பு அந்த நூறு படத்திலும் இல்லாத சிரிப்பு.

ஜோதிமணி பக்கத்தில் உட்கார்ந்து வந்த விஷயத்தைச் சொன்னாள். கமிட்டி, ஞாயிற்றுக்கிழமை, எட்டுப் பேரின் வேலை, எல்லாவற்றையும். அவர் பூண்டை வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஊரை உட்டுப்போட்டு ஓடிப் போயிட்டேன்னு சொல்றாங்களாக்கும்? ஊரு இங்க வந்து மூணு வருசமாச்சுங்க. நாந்தான் லேட்டு." பூண்டை மறுபடி எடுத்துக்கொண்டே கேட்டார், "அந்த அம்மிணி பயந்துருச்சா?"

"ரொம்ப."

"நல்ல புள்ளைங்க. சொல்லிப்போட்டு வந்திருக்கோணும். சொன்னா உடமாட்டாங்கன்னு பயந்துக்கிட்டேன். போன் போடுங்க, நான் பேசறேன்."

முதல் மணியிலேயே மோகனப்ரியா எடுத்தாள். ஐயாவின் குரலைக் கேட்டதும் அவள் அழுதது ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது.

"அழுகாத அம்மிணி. நல்லாத்தான் இருக்கேன். திங்கக்கெழமை கண்ணு டாக்டரைப் பாக்கப் போறோம். உம்மேல எனக்கு ஒரு கோவமும் இல்லை. ஆனா பாரு, பொழுதானா வேனு போயிருது. அதுக்கு மேல விடியற வரைக்கும் பேச ஒரு சனம் இல்லை. எத்தனை நாளைக்குத்தான் குழாய்கிட்டயே பேசறது, சொல்லு."

இணைப்பு போய்விட்டதோ என்று ஜோதிமணி போனைப் பார்த்தாள்.

"நான் அங்கதானே ஐயா இருக்கேன்," என்றாள் மோகனப்ரியா.

"எங்க?"

"ஆபீஸ் ரூம்ல. அங்கதான் படுத்துக்கறேன், ரெண்டு வருஷமா. உங்க வீட்டுக்கு எதிர் வரிசையிலதான். சாயங்காலம் ஆனா எனக்கும் பேச ஆளில்லை. உங்களுக்குத் தனியா இருக்கறதுதான் பிடிக்கும்னு நினைச்சு நான் வராம இருந்துட்டேன்."

சென்னிமலை முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார், அந்த வார்த்தைகள் எங்கிருந்து வருகின்றன என்று தேடுகிறவர் மாதிரி.

"நீ அங்கயா இருந்தே?" என்றார். "நீயும் வேன்ல போயிருவேன்னுல்ல நான் நெனச்சுக்கிட்டிருந்தேன். எனக்குத் தெரியலையே கண்ணு."

வடிவு மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். லீலா மதில் சுவரில் ஏதோ முக்கியமான தடயம் இருப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கெழமைக்கு வரச் சொன்னா வர்றேன் அம்மிணி," என்று சென்னிமலை மறுபடி தொடங்கினார். "எட்டுப் பேரு வயித்துல அடிக்க மாட்டேன். வந்து உக்காந்துக்கறேன், எத்தனை போட்டோ வேணும்னாலும் எடுத்துக்கட்டும். ஆனா இங்கதான் குடியிருக்கீங்களான்னு கேட்டா, இல்லைன்னுதான் சொல்லுவேன். பொய் வராது எனக்கு."

மோகனப்ரியாவின் பதில் வந்தது. குரல் தேறியிருந்தது.

"வேண்டாங்க ஐயா. நீங்க கண்ணைக் காட்டுங்க. கமிட்டியை நான் பாத்துக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை மாலை ஜோதிமணி விஜயநகர் வீட்டில் தனியாக இருந்தபோது போன் வந்தது.

"கமிட்டி வந்துட்டுப் போயிட்டாங்க மேடம்," என்றாள் மோகனப்ரியா. "தெரு, பித்தளைத் தகடு, ராகிக்கல், எல்லாம் பாத்தாங்க. ரொம்பப் பிடிச்சிருந்தது. கடைசியில கமிட்டியில வந்த ஒரு பெரியம்மா பேனாவை எடுத்துக்கிட்டு, இந்தத் தெருவுல நிரந்தரமா எத்தனை பேர் குடியிருக்காங்கன்னு கேட்டாங்க. ஒருத்தர்னு சொன்னேன்."

ஜோதிமணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "யாருன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க. நான்தான்னேன். பொறந்த ஊர் எதுன்னாங்க. திருப்பூர்னு சொன்னேன். பேனாவை மூடிட்டாங்க."

"அப்ப அங்கீகாரம்?"

"கிடைக்காது. கம்பெனிக்கும் சொல்லிட்டேன், சத்தம் போட்டாங்க. மூணு மாசம் டைம் குடுத்திருக்காங்க, அதுக்கப்புறம் மூடறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுவாங்களாம். எட்டுப் பேரையும் உக்கார வச்சு உள்ளதைச் சொன்னேன். ரெண்டு பேர் அழுதாங்க. ஒருத்தர் இன்னிக்கே வேற வேலை தேடப் போயிட்டார்." அவள் மூச்சு வாங்கினாள். "அவங்களுக்குப் பண்ணினது சரியா தப்பான்னு தெரியலை மேடம். ஆனா அந்தப் பெரியம்மா கேக்கறப்ப வாயில வேற எதுவும் வரலை."

சரி என்று சொல்லிவிடுவது ஜோதிமணிக்குச் சுலபம். ஆனால் எட்டுப் பேர் வேனில் ஏறிய அந்தக் காட்சி கண்முன் நின்றதால் சொல்ல வாய் வரவில்லை.

"நாளைக்கு எனக்கு லீவு," என்றாள் மோகனப்ரியா. "காலை பஸ்ல வர்றேன். ஐயாவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறப்ப நானும் கூடப் போகலாம்னு... ஐயாகிட்டயும் கேட்டேன், வான்னுட்டார். ஆனா அந்தச் சந்து எனக்குத் தெரியாது. வழி சொல்றீங்களா?"

"வழி சொன்னா புரியாது. பஸ் நிக்கற இடத்துக்கு நான் வர்றேன்."

"உங்களுக்கு எதுக்கு மேடம் சிரமம்? கேஸ்தான் முடிஞ்சுபோச்சே."

"அதனாலதான் வர்றேன்," என்றாள் ஜோதிமணி.